ஒத்தக்கடை மனைக்கு மூன்று நாட்டுப் பணம்: எங்கே வைப்பது, எப்போது மாற்றுவது?

எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் மூன்று நாட்டில் சம்பாதிக்கிறார்கள். அண்ணன் மகன் துபாயில், தங்கை மகன் சிங்கப்பூரில், மச்சினன் மலேசியாவில். மூவரும் பணம் போட்டு மதுரை ஒத்தக்கடைப் பக்கம் அடுத்தடுத்து மனை வாங்குவதாகப் பேசி முடிவாகியிருக்கிறது. கிரயம் மூன்று வருடம் கழித்து. அதுவரை ஒவ்வொருவரும் சேர்க்கிற பணம் எந்த ஊரில், எந்தக் காசாக இருக்க வேண்டும்? வங்கியில் வெளிநாடு வாழ் இந்தியர் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது. ஏன் கிடையாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

கையில் இருக்கிற வழிகள் நான்கு. சம்பாதித்த நாட்டு வங்கியிலேயே விட்டுவைக்கலாம். மாதாமாதம் அனுப்பி இங்கே என்ஆர்இ கணக்கில், அதாவது வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடுவதற்கென்றே இருக்கிற கணக்கில், ரூபாய் டெபாசிட்டாகப் போடலாம். இங்கேயுள்ள வங்கியிலேயே எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டாக, அதாவது டாலராகவே போட்டு டாலராகவே திரும்பப் பெறலாம். நான்காவது, தங்கம். தங்கம்தான் வேண்டும் என்று மதினி ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். அவர்கள் வாதத்துக்குப் பின்னால் வருகிறேன். என்ஆர்இ, எஃப்சிஎன்ஆர் இரண்டிலும், வெளிநாட்டில் வசிக்கிற வரைக்கும் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. இரண்டுமே குறைந்தது ஒரு வருடம் இருந்தால்தான் வட்டி. எஃப்சிஎன்ஆர் 5 வருடம் வரை போடலாம்.

தொலைபேசியில் மூவரும் முதலில் கேட்டது ஒன்றுதான். "ரேட்டு இன்னும் ஏறுமா மாமா?" என்றான் சிங்கப்பூர்க்காரன். "ஏறும் மாப்ள, இறங்கவும் செய்யும்" என்றேன். அவனுக்குத் திருப்தி இல்லை. ஆனால் அன்றாட ரேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் கொஞ்சம்தான். அதைவிட முக்கியம், அந்தந்த நாட்டு மத்திய வங்கி எதை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்ப்பது. பணக்கொள்கையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. நாணய மதிப்பை ஒரே இடத்தில் நிறுத்தவும் வேண்டும், பணம் தடையில்லாமல் உள்ளே வெளியே போகவும் வேண்டும், வட்டியைத் தன் விருப்பப்படி வைக்கவும் வேண்டும் என்றால் நடக்காது. மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். துபாயும் சிங்கப்பூரும் வட்டியை விட்டன, ஆனால் நாணயத்தைப் பிடித்துக்கொண்ட விதம் வேறு வேறு; மலேசியா ஒருமுறை ஒன்றை விட்டுவிட்டுப் பிறகு மாற்றிக்கொண்டது. நம் மூன்று பேரின் சேமிப்புக்கும் மூன்று விதமான குணம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

முதலில் துபாய். ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம். 1997 முதல் இது மாறவே இல்லை. எண்ணெய் வருமானமும் அதில் சேர்த்த அந்நிய முதலீடுகளும் பின்னால் நிற்பதால் அந்த விகிதத்தைச் சந்தை நம்புகிறது. பதிலுக்கு அமீரகம் வட்டியைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. 2022 மார்ச்சில் தொடங்கி 2023 ஜூலைக்குள் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து 5.25-5.50 சதவீதத்துக்குக் கொண்டுபோனபோது, அமீரகமும் கூடவே ஏற்றியது. துபாயில் வீட்டுக்கடன் வாங்கியவருக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. ஆக, அண்ணன் மகனிடம் இருப்பது பெயருக்குத்தான் திர்ஹாம்; உண்மையில் அவன் சேர்ப்பது டாலர். திர்ஹாம் ரேட்டைத் தனியாகப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. டாலர் எங்கே போகிறதோ அங்கே போகும்.

ஒரு காலத்தில் அந்தக் கடற்கரை முழுக்க நம் ரூபாய்தான் புழங்கியது என்பது அவனுக்குத் தெரியாது. வளைகுடாவில் செலவழிப்பதற்கென்றே தனி நோட்டை 1959-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. குவைத் 1961-இல் தன் சொந்த தினாருக்குப் போனது. 1966 ஜூனில் டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாயை ஒரே நாளில் 7.50 ஆக இந்தியா இறக்கியதும், துபாயும் கத்தாரும் ரூபாயைக் கைவிட்டன. தன் மதிப்பைக் காப்பாற்றாத காசை மக்கள் கையில் வைத்திருக்க விரும்ப மாட்டார்கள் என்பதற்கு நமக்கு நெருக்கமான உதாரணம் இது.

சிங்கப்பூர் வேறு மாதிரி. பெரும்பாலான நாடுகளில் மத்திய வங்கி வட்டியை அறிவிக்கும். சிங்கப்பூர் நாணய ஆணையம் வட்டியையே அறிவிப்பதில்லை. 1981 முதல் வெள்ளியின், அதாவது சிங்கப்பூர் டாலரின், மாற்று மதிப்புதான் அதன் கருவி. வணிகம் செய்கிற நாடுகளின் நாணயங்களை ஒரு கூடையாகச் சேர்த்து, அந்தக் கூடைக்கு எதிராக வெள்ளி எந்தச் சரிவில் ஏறலாம் என்று ஒரு பாதையை வைத்துக்கொள்கிறது. பாதைக்கு மேலும் கீழும் ஒரு எல்லை. விலைவாசி ஏறினால் பாதையைச் செங்குத்தாக்குகிறது, தொழில் மந்தமானால் படுக்க வைக்கிறது. அரிசி, காய்கறி, எண்ணெய் என்று எல்லாமே இறக்குமதியாகிற ஊரில் இதற்கு அர்த்தம் இருக்கிறது. நாணயம் வலுவாக இருந்தால் கடைவிலை தானாக அடங்கும். 2025 ஜனவரியிலும் ஏப்ரலிலும் பாதையைக் கொஞ்சம் தாழ்த்தினார்கள், ஆனாலும் அது ஏறுகிற பாதைதான்.

நாணயம் மெல்ல ஏறும் என்று எல்லோருக்கும் தெரிந்தால் அந்த ஊரில் வட்டி குறைவாகத்தான் இருக்கும். வெள்ளியை வைத்திருப்பவருக்கு ஏற்றமே ஒரு வருமானம். அதற்கு மேல் வங்கி ஏன் அதிக வட்டி தர வேண்டும்? இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கணக்கு எல்லாம் புரிந்துவிடும். வட்டி அதிகம் தருகிற காசு தேய்கிற காசாகவும், வட்டி குறைவாகத் தருகிற காசு ஏறுகிற காசாகவும் இருப்பது வழக்கம். இரண்டிலும் லாபம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அவர் ஏதோ ஒன்றை விற்க வந்திருக்கிறார்.

மலேசிய ரிங்கிட்டுக்கு நீண்ட கதை உண்டு. 1973 வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று என்று மாறிக்கொண்டிருந்தன. இன்றைக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் கிளம்பிய இரண்டு காசுகள், ஐம்பது வருடத்தில் இவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன. 1997-98 ஆசிய நெருக்கடியில் ரிங்கிட் சரிந்தபோது, 1998 செப்டம்பரில் மலேசியா டாலருக்கு 3.80 என்று கட்டி நிறுத்தியது. அதற்காகப் பணம் வெளியே போவதற்குக் கட்டுப்பாடு போட்டது. 2005 ஜூலையில் கட்டை அவிழ்த்தார்கள். இப்போது மலேசியாவின் மத்திய வங்கியான நெகாரா வங்கி வட்டியைத் தன் கையில் வைத்துக்கொண்டு நாணயத்தை மிதக்க விடுகிறது.

மிதக்க விட்டால் எண்ணெய் விலை அடிக்கிற பக்கம் ஆடும். 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 2015 ஜனவரியில் 50-க்குக் கீழே விழுந்தபோது, எரிவாயுவும் எண்ணெயும் விற்கிற மலேசியாவின் காசும் விழுந்தது. டாலருக்கு 3.2 என்று இருந்த ரிங்கிட் 2024 தொடக்கத்தில் 4.8 வரை போனது. ரூபாயில் பார்த்தால் 2014-இல் ஒரு ரிங்கிட் 18 ரூபாய் சொச்சம். 2024 தொடக்கத்திலும் 17, 18 ரூபாய்தான். நடுவில் பத்து வருடம் போயே போனது. அந்தப் பத்து வருடத்தில் ரூபாய் என்னமோ வலுவாக இருந்துவிடவில்லை, டாலருக்கு எதிராக 60-லிருந்து 83-க்கு இறங்கியிருந்தது. 'வெளிநாட்டுக் காசு எப்படியும் ஏறும்' என்று நம்பி மலேசிய வங்கியில் விட்டுவைத்தவருக்கு, இங்கே கிடைத்திருக்கக்கூடிய 7, 8 சதவீத வட்டி போனதுதான் மிச்சம். அதன்பிறகு ரிங்கிட் நன்றாகவே மீண்டு 20 ரூபாயைத் தாண்டிவிட்டது என்பதும் உண்மை. மச்சினன் அதைத்தான் பிடித்துக்கொண்டு "இப்பத்தான மச்சான் ஏறுது, கொஞ்சம் பொறுப்போம்" என்கிறார்.

சரி, நம் ரூபாய்? ரிசர்வ் வங்கி இதில் எதைப் பிடித்து வைத்திருக்கிறது? பலர் நினைப்பதுபோல டாலர் ரேட்டை அல்ல. 2016-இல் சட்டத்தைத் திருத்தி, சில்லறை விலைவாசி உயர்வு 4 சதவீதம், இரண்டு பக்கமும் 2 சதவீதம் இடைவெளி என்று இலக்கு கொடுத்தார்கள். ஆறு பேர் கொண்ட குழு கூடி வட்டியை முடிவு செய்கிறது. டாலர் சந்தையில் ரிசர்வ் வங்கி இறங்குவது உண்டு. ஆனால் அது மாசி வீதியில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற மாதிரி. தேரை நிறுத்துவதற்கல்ல, நிதானமாகப் போக வைப்பதற்கு.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. நமக்கு இலக்கு 4 சதவீதம், அமெரிக்காவுக்கு 2 சதவீதம். இரண்டு நாடும் தங்கள் இலக்கைச் சரியாக எட்டினால்கூட ரூபாய் வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் தேய்வது இயல்பு. அதில் யார் தோல்வியும் இல்லை. நடந்தது அதைவிட அதிகம். 2010-இல் 45-46 ரூபாயாக இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. பதினைந்து வருடத்தில் இரட்டிப்பு. சராசரியாக வருடம் 4.5 முதல் 5 சதவீதம்.

ரிசர்வ் வங்கி முன்பு வேறு வழியில் போய்ப் பார்த்தது. சுகமய் சக்கரவர்த்தி குழுவின் 1985 அறிக்கைக்குப் பிறகு, நாட்டில் மொத்தப் பணம் வருடத்துக்கு எவ்வளவு வளரலாம் என்று இலக்கு வைத்தார்கள். அந்த முறை ஓட வேண்டுமானால் மக்கள் எவ்வளவு பணத்தைக் கையில் வைத்திருக்க விரும்புவார்கள் என்பது ஓரளவு கணிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். பணத்துக்கான தேவை என்று பொருளாதாரத்தில் சொல்வது இதைத்தான். தொண்ணூறுகளில் வங்கிகளும் சந்தையும் மாற மாற அந்தக் கணிப்பு நழுவியது. 1998-இல் அந்த இலக்கை விட்டுவிட்டார்கள். அதன் நியாயத்தை இன்றும் பார்க்கலாம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகைக்குக்கூட யுபிஐ-யில் பணம் போகிறது. நோட்டு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 2016 நவம்பரில் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய் நோட்டு புழக்கத்தில் இருந்தது. இப்போது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். செலவுக்குச் செல்போன், பத்திரத்துக்கும் பயத்துக்கும் நோட்டு என்று மக்கள் பிரித்துவைத்துக்கொண்டார்கள். இதை எந்தக் குழுவும் முன்கூட்டியே எழுதிவைக்கவில்லை.

இனி கணக்கு. கீழே வருகிற வட்டி எல்லாம் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. போடுகிற நாளில் உங்கள் வங்கி சொல்வதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

துபாய்ப் பணம் ஒரு லட்சம் திர்ஹாம் என்று வைப்போம். அது 27,229 டாலர். டாலர் 90 ரூபாய் என்றால் 24.5 லட்சம் ரூபாய். என்ஆர்இ டெபாசிட் 6.5 சதவீதம் என்றால் மூன்று வருடத்தில் 29.6 லட்சம். இது உறுதியான தொகை, ரேட்டு எங்கே போனாலும் மாறாது. அதையே 4 சதவீதத்துக்கு எஃப்சிஎன்ஆரில் டாலராகப் போட்டால் 30,629 டாலராகத் திரும்பி வரும். அன்றைக்கு டாலர் 96.65 ரூபாயாக இருந்தால் இரண்டும் சமம். 100 ரூபாய் என்றால் 30.6 லட்சம், அதாவது ஒரு லட்சம் கூடுதல். 90-இலேயே நின்றுவிட்டால் 27.6 லட்சம், இரண்டு லட்சம் குறைவு. வருடத்துக்கு 2.4 சதவீதத்துக்கு மேல் ரூபாய் தேய்ந்தால் டாலர் ஜெயிக்கும், இல்லாவிட்டால் ரூபாய் ஜெயிக்கும். கடந்த பதினைந்து வருடச் சராசரி அதைவிட அதிகம் என்பதால் டாலர் பக்கம் தராசு கொஞ்சம் சாய்கிறது.

ஆனால் சராசரியை வைத்து மூன்று வருட முடிவு எடுப்பதில் ஆபத்து இருக்கிறது. 2002-இல் 49-ஐத் தொட்ட டாலர் 2007 கடைசியில் 39-க்கு வந்தது. அந்த வருடங்களில் 'இன்னும் ஏறட்டும்' என்று டாலரைப் பிடித்துக்கொண்டு கவுன்டரில் வந்து நின்ற முகங்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அதற்கு நேர் எதிராக 2013 கோடையில், அமெரிக்கா பணம் அச்சிடுவதைக் குறைக்கப்போகிறது என்ற ஒரே பேச்சில் மே மாதம் 55-56 ஆக இருந்த டாலர் ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தாண்டியது. நாலு மாதத்தில் நாலு வருட வட்டி.

அந்த 2013-ஐ எஃப்சிஎன்ஆர் வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாது. ரகுராம் ராஜன் ஆளுநராக வந்ததும், வங்கிகள் திரட்டும் எஃப்சிஎன்ஆர் டாலரை ரிசர்வ் வங்கி வாங்கிக்கொண்டு ரூபாய் தரும், முதிர்வில் டாலரைத் திருப்பித் தரும், அதற்கு வருடத்துக்கு 3.5 சதவீத நிலையான செலவுதான் என்று அறிவித்தார். சந்தையில் அந்தச் செலவு கிட்டத்தட்ட இரு மடங்கு. வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு சில மாதத்தில் சுமார் 26 பில்லியன் டாலர் திரட்டின. அதேபோல 2024 டிசம்பரில் ரூபாய் அழுத்தத்தில் இருந்தபோது, எஃப்சிஎன்ஆருக்கு வங்கிகள் தரக்கூடிய வட்டியின் உச்சவரம்பைச் சில மாதங்களுக்கு உயர்த்தினார்கள். ரூபாய் தடுமாறுகிற நேரத்தில்தான் இந்தச் சலுகைகள் வரும். அண்ணன் மகனுக்கு நான் சொன்னது: ரேட்டைத் தினமும் பார்க்காதே, ரிசர்வ் வங்கிக்கு எப்போது டாலர் தேவைப்படுகிறது என்று பார்.

சிங்கப்பூர்க் கணக்கு சுவாரசியமானது. வெள்ளி 70 ரூபாய், அங்கே மூன்று வருட டெபாசிட்டுக்கு 1.5 சதவீதம், இங்கே 6.5 என்று வைத்துக்கொண்டால், வெள்ளி 81 ரூபாயைத் தொட்டால்தான் அங்கேயே விட்டுவைத்தது சரியாகும். வருடத்துக்கு 5 சதவீதம் ஏற வேண்டும். 2010-இல் 33-34 ரூபாயாக இருந்த வெள்ளி பதினைந்து வருடத்தில் 70 பக்கம் வந்திருக்கிறது. அதுவும் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 5 சதவீதம்தான். ஆக, வட்டி வித்தியாசமும் நாணய ஏற்றமும் ஏறக்குறைய நேர் செய்துகொள்கின்றன. எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்றாகிவிட்டால், ரூபாயில் விலை பேசப்போகிற ஒரு மனைக்கு ரூபாயில் உறுதியாகத் தெரிகிற தொகையே மேல்.

மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. அவன் நண்பர்கள் எல்லோரும் அங்கேயே வைத்திருக்கிறார்களாம். அவர்கள் நிரந்தரவாசம் வாங்கி அங்கேயே பிள்ளையைப் படிக்க வைக்கப் போகிறவர்கள். செலவு வெள்ளியில், சேமிப்பும் வெள்ளியில். ஒர்க் பெர்மிட்டில் இருக்கிற இவனுக்கு மத்திய சேமநிதியும் கிடையாது. இவன் செலவு ஒத்தக்கடையில். எந்தக் காசில் செலவு வரப்போகிறதோ அந்தக் காசில் சேமிப்பதை நான் கோழைத்தனமாக நினைக்கவில்லை.

மலேசியாவில் யோசிக்கவே வேண்டியதில்லை. அங்கே 2.5 சதவீதம் என்று வைத்தால் 22 ரூபாய் ரிங்கிட் மூன்று வருடத்தில் 24.7-ஐத் தாண்ட வேண்டும். தாண்டலாம். ஆனால் எண்ணெய் விலையைப் பொறுத்து ஆடுகிற காசை நம்பி, ரூபாய்ச் செலவுக்குக் காத்திருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ரிங்கிட் ஏறியிருக்கிற நேரம் அனுப்ப நல்ல நேரம். மச்சினனிடம் அதை இரண்டு தடவை சொல்லியாயிற்று.

இனி மதினியின் தங்கம். அவர்கள் வாதம் லேசானதல்ல. இங்கே தங்கத்தின் விலை என்பது உலகச் சந்தையின் டாலர் விலை, பெருக்கல் டாலர் ரேட்டு, கூட்டல் வரி. ரூபாய் தேய்ந்தால் அது தங்கத்தில் தானாக ஏறிவிடும். வங்கி வட்டியைவிட விலைவாசி வேகமாக ஓடிய 2010-13 காலத்தில் நாடே மதினி மாதிரிதான் நினைத்தது. ரூபாயை வைத்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை. தெற்கு ஆவணி மூல வீதி மாதிரி ஆயிரம் வீதிகளில் வாங்கிய தங்கம் இறக்குமதியாகக் குவிந்து, 2012-13-இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, அதாவது நாட்டுக்கு வருகிற அந்நியப் பணத்தைவிட வெளியே போவது கூடுதலாக இருக்கிற அளவு, உள்நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதத்தைத் தொட்டது. 2012 தொடக்கத்தில் 2 சதவீதமாக இருந்த இறக்குமதி வரியை 2013 ஆகஸ்டுக்குள் 10 சதவீதமாக்கினார்கள். அந்த ஆகஸ்டில்தான் ரூபாய் விழுந்ததும். நகைக்கடைக் கல்லாவும் மும்பையின் டாலர் சந்தையும் இவ்வளவு நெருக்கம் என்று அப்போது பலருக்குப் புரிந்திருக்காது.

ஆனால் மூன்று வருடக் கெடு இருக்கிற பணத்துக்குத் தங்கம் ஒத்துவராது. 2011-இல் அவுன்சுக்கு 1,900 டாலர் தொட்ட தங்கம் 2015 டிசம்பரில் 1,050-க்கு வந்தது. ரூபாய் தேய்ந்ததால் இங்கே அடி குறைவாகத் தெரிந்தது என்றாலும், 2013 ஆகஸ்டில் இருந்த ரூபாய் விலையைத் திரும்பப் பார்க்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வரியும் அரசின் கையில். 2024 ஜூலையில் 15-லிருந்து 6 சதவீதமாக ஒரே அறிவிப்பில் இறக்கினார்கள், வீட்டில் இருந்த பவுனின் விலை அன்றைக்கே இறங்கியது. நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் முதல் நாளே கழிந்துவிடும். அரசின் தங்கப் பத்திரம் இருந்திருந்தால் யோசிக்கலாம். 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடவில்லை. கடந்த இரண்டு மூன்று வருட ஏற்றத்தைக் காட்டி மதினி சிரிப்பார்கள் என்று தெரியும். பேத்தி கல்யாணத்துக்கு வாங்கட்டும், மனைக்கு வேண்டாம்.

கட்டி நிறுத்திய ரேட்டு என்றால் பத்திரம் என்று நினைப்பவர்கள் மதுரையிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற கொழும்பைப் பார்க்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து டாலருக்கு 200 ரூபாய் சொச்சம் என்று பிடித்து வைத்திருந்தார்கள். டாலர் கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது. வங்கி ரேட்டுக்கும், வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்புகிற உண்டியல் ரேட்டுக்கும் இடைவெளி விரிய விரிய, வெளிநாட்டில் இருந்தவர்கள் வங்கி வழியாக அனுப்புவதைக் குறைத்துவிட்டார்கள். அது கையிருப்பை மேலும் கரைத்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டே மாதத்தில் டாலர் 360 ரூபாய். ஏப்ரலில் வட்டியை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளி ஏற்றினார்கள், அதே மாதம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் விலைவாசி உயர்வு 70 சதவீதம். அமீரகத்தின் கட்டும் இலங்கையின் கட்டும் பேருக்கு ஒன்றுதான். பின்னால் டாலர் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

உண்டியல் என்றதும் ஞாபகம் வருகிறது. ரேட்டு ஐம்பது பைசா கூடுதல் என்று யாராவது ஒருவர் இந்த மூன்று பேரிடமும் பேசத்தான் செய்வார். இந்தியாவில் ரேட்டு சந்தையில் முடிவாவதால் அந்த இடைவெளியே பெரிதாக இல்லை. அந்நியச் செலாவணிச் சட்டப்படி அது சட்டமீறலும்கூட. 2023 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூரின் பேநவ்வையும் நம் யுபிஐ-யையும் இணைத்திருக்கிறார்கள். சின்னத் தொகைகளுக்கு அதுவே போதும்.

ஆக நான் எழுதிக் கொடுத்தது இப்படி. மச்சினன் சேர்ப்பதை அப்படியே மாதாமாதம் என்ஆர்இ-க்கு அனுப்புவது, ரேட்டுக்காகக் காத்திருப்பதில்லை. மாப்பிள்ளை முக்கால் பங்கை அனுப்புவது, கால் பங்கை அங்கே அவசரத்துக்கு வைத்திருப்பது. வேலை போனால் ஊருக்கு ஓடி வராமல் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்க அது வேண்டும், லாபத்துக்காக அல்ல. அண்ணன் மகன் பாதியை என்ஆர்இ, பாதியை எஃப்சிஎன்ஆர். ரூபாய் சடாரென்று விழுந்து மனைக்காரர் விலையை ஏற்றினால் அந்த டாலர் பாதி மற்ற இருவரின் குறையையும் ஈடுகட்டும். அதற்காகவே மூன்று பேரில் ஒருவராவது டாலரில் இருப்பது நல்லது. ஒரே வங்கியில் குவிக்கவும் வேண்டாம், டெபாசிட் காப்பீடு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரைக்கும்தான்.

இடையில் யாராவது வேலையை விட்டு ஊர் திரும்பினால் என்ஆர்இ கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்ற வேண்டும், வட்டிக்கு அதுமுதல் வரி உண்டு. எஃப்சிஎன்ஆரை முதிர்வு வரை அப்படியே ஓட விடலாம். வாடகை, உள்ளூர் வருமானம் போடுகிற என்ஆர்ஓ கணக்கில் இந்தப் பணத்தைக் கலக்கவே கூடாது. அதன் வட்டிக்கு 30 சதவீதமும் அதற்கு மேலும் பிடித்தம்.

இன்னொன்று. வெளிநாடு வாழ் இந்தியர் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது. ஒத்தக்கடை சுற்றுவட்டாரத்தில் நேற்று வரை நஞ்சையாகவும் புஞ்சையாகவும் இருந்ததைக் கல் நட்டுப் பிரித்து விற்பது ஏராளம். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கிரயப் பணம் என்ஆர்இ, எஃப்சிஎன்ஆர், என்ஆர்ஓ கணக்கிலிருந்தோ நேரடியாக வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகவோதான் போக வேண்டும், நோட்டாகப் போகக் கூடாது. பணம் உள்ளே வந்ததற்கான வங்கிச் சான்றைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பிறகொரு நாள் விற்றுப் பணத்தைத் திரும்ப வெளியே கொண்டுபோக வேண்டி வந்தால், வங்கி முதலில் கேட்கிற காகிதம் அதுதான்.